தலைக்கவசத்துள் ஒரு குரல்



இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த என் பேரன் ஒருநாள் என் நாற்காலியின் அருகில் வந்து நின்றான். ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்பதை அவன் நின்ற நிலையே சொல்லிற்று. நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் கழித்தவனுக்கு அந்த நிலை புதியதன்று. "தாத்தா, ஹெல்மெட்டுக்குள் பொருத்திக்கொள்ளும் ஹெட்செட் ஒன்று வாங்க வேண்டும். பாட்டுக் கேட்கலாம், போன் வந்தால் பேசலாம். கடையில் பலவகை இருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை" என்றான். விலை என்ன என்று கேட்டேன். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டிச் செல்லும் என்றான்.

எந்தப் பொருளையும் வாங்கும் முன்னர் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும் என்று நான் மாணவர்க்குச் சொல்லி வந்ததுண்டு. இது செய்யும் வேலை யாது? எவ்வாறு செய்கிறது? இதனால் வரக்கூடிய கேடு யாது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் பணப்பையைத் திறந்தால் போதும். அந்த மூன்று வினாக்களையே இன்று இந்தச் சிறு கருவியைப் பற்றி உங்களோடு சேர்ந்து கேட்க விரும்புகிறேன். முதல் இரண்டுக்கும் அன்றே விடை கண்டேன். மூன்றாவதற்கு முழு விடை கிடைத்தது பின்னொரு நாளில்; அதற்கு என் குடும்பம் விலை கொடுக்க நேர்ந்தது.

முதலில் கருவியின் உறுப்புகளைப் பார்ப்போம். இரு காதுகளுக்கும் நேராக வைக்கத்தக்க மெல்லிய ஒலிபெருக்கிகள் இரண்டு. வாய்க்கு அருகில் வைக்க ஓர் ஒலிவாங்கி. கவசத்தின் வெளிப்புறம் ஒட்டியோ பிடிப்பினால் செருகியோ வைக்கப்படும் தலைமைப் பகுதி ஒன்று. மின்கலமும் வானொலி வாங்கியும் பொத்தான்களும் இந்தத் தலைமைப் பகுதியில் அடங்கியுள்ளன. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கும் இதற்கும் இடையே கம்பி கிடையாது. இடையில் செல்வது வானொலி அலையே. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் அலமாரித் தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த வானொலிப் பெட்டியின் கொள்ளுப்பேரன் என்று இதனைக் கூறலாம்.

அந்த அலைத் தொடர்புக்குப் புளூடூத் என்று பெயர். 1994ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் இதற்கான ஆராய்ச்சி தொடங்கியது. 1998இல் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி இதற்கெனப் பொதுவான சங்கம் ஒன்றை அமைத்தன. புளூடூத் என்றால் நீலப் பல் என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னனுக்கு அப்படி ஓர் அடைபெயர் இருந்தது. பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்றுசேர்த்தான். அதுபோல வெவ்வேறு கருவிகளை ஒன்றுசேர்ப்பதால் அவன் பெயரை இதற்குச் சூட்டினர்.

இந்த அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் வரிசையில் செல்வன. அதே வரிசையில்தான் வீடுகளிலுள்ள வைஃபை முதலிய பல கருவிகளும் பேசுகின்றன. சந்தைக் கூட்டத்தில் இருவர் உரையாடுவது போன்ற நிலை இது. அப்படியிருந்தும் பேச்சுக் குழம்பாமல் இருப்பது எவ்வாறு? பாட்டையும் பேச்சையும் சுமக்கும் புளூடூத் அந்த வரிசையை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 1600 தடவை வரை பாதை விட்டுப் பாதை தாவுகிறது. ஒரு பாதையில் இரைச்சல் மிகுந்தால் அதனை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்துகிறது. இத்தகைய தாவும் உத்தி ஒன்றுக்கு 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர்கள் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தெயில் என்ற இசையமைப்பாளரும் ஆவர். பகைவர் இடைமறிக்க முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை வானொலியால் செலுத்துவது அவர்கள் நோக்கம்.

கடையில் பலரையும் மயங்கச் செய்யும் ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். பாட்டு இனிமையாகக் கேட்கிறது. ஆனால் அழைப்பு வந்ததும் அதே கருவியில் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. கருவி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டு ஒருவழிப் போக்குவரத்து. ஆகவே அதற்கு அகலமான பாதை கிடைக்கிறது. உரையாடலோ இருவழி. போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் இடம் வேண்டியிருப்பதால், குரலுக்கு இன்றியமையாத பகுதி மட்டும் அனுப்பப்படுகிறது. ஆதலின் பாட்டைக் கேட்டு மட்டும் கருவியைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. ஓர் அழைப்பும் பேசிப் பார்க்க வேண்டும். அப்போதும் முக்கியமானது நமக்கு எப்படிக் கேட்கிறது என்பதன்று. எதிர்முனையில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதே.

கடைக்குள் கேட்பதும் சாலையில் கேட்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே காற்று இருக்கிறது. வண்டி வேகம் கொள்ளும்போது காற்று கவசத்தின் கீழ்விளிம்பிலும் முகவாய்ப் பகுதியிலும் மோதிச் சுழன்று பேரிரைச்சலை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர் கவசத்துக்குள் காதருகே சிறு ஒலிவாங்கிகளை வைத்து இதனை அளந்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 90 டெசிபெல். 160 கிலோமீட்டரில் ஏறத்தாழ 110 டெசிபெல். கவசத்துக்குக் கவசம் இது சிறிது மாறும். இவ்விரண்டுக்கும் இடையே கணக்கிட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 டெசிபெல்லை ஒட்டி வரும்.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன? தொழிலிடங்களில் காதைக் காக்க அமெரிக்காவின் தொழில் நலக் கழகம் ஓர் அளவை வகுத்திருக்கிறது. 85 டெசிபெல் ஒலியில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 97 என்றால் அரை மணி. 100 என்றால் 15 நிமிடம். மூன்றே மூன்றுதானே கூடியது என்று எண்ணலாகாது. டெசிபெல் கணக்கில் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. பாட்டே இல்லாமல் காற்று மட்டுமே இவ்வளவு செய்யும்போது, அந்தக் காற்றையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் காதின் கதி என்ன? உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இருபது வயதில் இழந்ததை அறுபது வயதில் தேடிப் பயனில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. நல்ல ஹெட்செட்டுக்கு முதல் துணை நல்ல தலைக்கவசமே. தலையோடு நன்கு பொருந்தி, கழுத்துப் பக்கம் காற்று புகாமல் தடுக்கும் முழுமுகக் கவசத்தில் குறைந்த ஒலியிலேயே குரல் தெளிவாகக் கேட்கும். தொளதொள என்றிருக்கும் கவசத்தில் விலையுயர்ந்த கருவியும் தோற்றுவிடும். ஆகவே கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியைக் கவசத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் கருவியைத் தேடுங்கள். 2021 ஜூன் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்களை மட்டுமே விற்கலாம் என்று விதி உண்டு. ஐ.எஸ். 4151 என்னும் எண் கவசத்தின்மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பொருத்துதல். கவசத்தின் வெளி ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே கெட்டியான நுரைப்பொருள் ஒன்று இருக்கிறது. அடிபடும்போது அது தான் நசுங்கி, அதிர்ச்சியைத் தலைக்குப் போகவிடாமல் தாங்கிக்கொள்கிறது. ஒலிபெருக்கிக்கு இடம் செய்வதற்காக அந்த நுரையைக் கத்தியால் சுரண்டுவோர் உண்டு. ஓட்டில் துளையிடுவோரும் உண்டு. கூரையைத் தாங்கும் உத்திரத்தைக் குடைந்து மணியாணி அடிப்பது போன்ற செயல் அது. காதுக்கு நேரே கவசத்திலேயே பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒலிபெருக்கி அந்தப் பள்ளத்தில், துணி உறைக்கு அடியில் அமைய வேண்டும். காது மடலை அழுத்தினால் அரை மணியில் வலி எடுக்கும்; அழுத்தும் கடினப்பொருள் விழும்போது காதையும் புண்படுத்தும். காதுத் துளைக்கு நேராக இல்லாமல் விரல் அகலம் விலகினாலும் ஒலி குன்றிவிடும். "இந்தக் கருவியில் சத்தமே இல்லை" என்று குறை கூறுவோரில் பலர் ஒலிபெருக்கியை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாலே குறை தீர்ந்துவிடும்.

ஒலிவாங்கியிலும் இருவகை உண்டு. முழுமுகக் கவசத்துக்கு, முகவாய்ப் பகுதியின் உட்புறம் ஒட்டும் சிறு பொத்தான் வகை ஏற்றது. முகம் திறந்த கவசத்துக்கும் தாடைப் பகுதி மேலெழும் கவசத்துக்கும் வளையும் தண்டு வகை ஏற்றது. எதுவாயினும் அதன்மேல் பஞ்சுறை இருக்க வேண்டும். உதட்டுக்கு நேரே இருக்க வேண்டும். காதுக்குள் செருகும் சாதாரண இயர்போனைக் கவசத்துக்குள் அணிவதை நான் ஒப்பமாட்டேன். அது காதை அடைத்து, பின்னால் வரும் பேருந்தின் ஒலியையும் மறைத்துவிடுகிறது. கவசத்தின் ஒலிபெருக்கியோ காதுக்கு வெளியே நிற்பதால், ஒலியை அளவோடு வைத்தால் சாலையின் குரலும் கூடவே வரும்.

பின்னிருக்கையில் இருப்பவரோடும், வேறு வண்டிகளில் வரும் நண்பர்களோடும் பேசும் வசதி சில கருவிகளில் உண்டு. அதிலும் இரு முறைகள் உள்ளன. ஒன்று, சங்கிலி முறை: முதல்வன் இரண்டாமவனோடும், இரண்டாமவன் மூன்றாமவனோடும் இணைந்திருப்பர். நடுவில் ஒருவன் பின்தங்கினால் சங்கிலி அறுந்துபோகும். மற்றொன்று, வலை முறை: ஒவ்வொருவரும் எட்டும் தொலைவிலுள்ள எல்லோரோடும் தொடர்பு கொள்வர். ஒருவர் விலகினாலும் செய்தி வேறு வழியே சென்று சேரும். வலை முறைக் கருவிக்கு விலை மிகுதி. தனியாகக் கல்லூரி சென்று திரும்பும் மாணவனுக்கு அது தேவையில்லை. பெட்டியின்மேல் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று அச்சிட்டிருக்கும் தொலைவு, தடையற்ற வெட்டவெளியில் கிடைப்பது. ஏற்காட்டு மலைப்பாதையின் வளைவுகளிலும் கட்டடம் நெருங்கிய தெருக்களிலும் அதில் ஒரு பகுதியே கிடைக்கும்.

இன்னும் சில சிறு குறிப்புகள். ஐ.பி. 67 என்று எழுதியிருந்தால், முதல் எண்ணாகிய 6 தூசி புகாது என்பதையும், இரண்டாவதாகிய 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஐப்பசி மழையில் செல்வோருக்கு இது வேண்டியதே. ஆனால் சில கருவிகளில் இந்தத் தகுதி வெளியிலுள்ள தலைமைப் பகுதிக்கு மட்டுமே உரியது; கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பொத்தான்கள் கையுறையோடு தொட்டாலே வேறுபாடு தெரியும்படி இருத்தல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. பொத்தானைத் தேடி இரண்டு நொடி மனம் அலைந்தால் 33 மீட்டர் தூரம் பார்வையற்றவனாய்ப் போனதற்குச் சமம். மின்கலத்தைச் சித்திரை வெயிலில் வாட விடாதீர்கள். வண்டியை நிறுத்தியதும் கவசத்தை நிழலில் வையுங்கள்.

இவ்வளவையும் ஆராய்ந்துதான் என் பேரனுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தேன். புதிய முழுமுகக் கவசமும் வாங்கினோம். ஒலிபெருக்கியை நானே அளந்து வைத்தேன். குரல் கண்ணாடிபோல் தெளிவாகக் கேட்டது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுது. அவன் வழக்கமாக வரும் நேரத்துக்குக் கால்மணி நேரம் கடந்திருந்தது. நான் கைப்பேசியை எடுத்து அவனை அழைத்தேன். கருவி நல்ல கருவியல்லவா? உடனே அவன் குரல் கேட்டது. "எங்கே வருகிறாய்?" என்றேன். "கொள்ளிடம் தாண்டிவிட்டேன், தாத்தா" என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். வரும்போது மருந்துக் கடையில் என் மாத்திரையை வாங்கி வரச் சொல்லி, எந்த மாத்திரை, எத்தனை என்று விளக்கத் தொடங்கினேன். அவன், "எத்தனை மில்லிகிராம், தாத்தா?" என்று கேட்டான். அடுத்து என் காதில் விழுந்தது அவன் குரலன்று.

சாலைப் பணிக்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணல் பாதிப் பாதையை மூடியிருந்தது. வண்டி அதில் சறுக்கிற்று. கவசத்தின் ஓடு ஒருபுறம் விரிந்தது. அவன் தலைக்கு ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான். மருத்துவமனையில் அவன் சொன்ன சொல் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. "தாத்தா, சாலையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அந்த மணல் என் கண்ணில் படவே இல்லை" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. பின்னர் நான் படித்தறிந்தேன். கனடாவின் டொராண்டோ நகரில் கைப்பேசி வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 கார் ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு என்று அது கண்டது; கையில் பிடிக்காமல் பேசியவர்க்கும் அதனால் பாதுகாப்பு மிகுந்ததாகத் தெரியவில்லை. பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பொறியைக் கொண்டு சோதித்தார்கள். பேசிக்கொண்டே ஓட்டுவோர் தம் கண் நேராகப் பார்த்த பொருளையும் மனத்தில் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது புலப்பட்டது. கண் பார்க்கிறது, கருத்து வேறிடத்தில் இருக்கிறது. காரோட்டிக்கே இந்நிலை என்றால், இரு சக்கரத்தில் நிலைகாத்துச் செல்பவனுக்குச் சொல்ல வேண்டுமா?

பக்கத்தில் அமர்ந்து பேசுபவர் எதிரே மணலைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார். தொலைவில் இருக்கும் தாத்தாவுக்கு மணல் தெரியாது. அவர் மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். வேறுபாடு இதுதான். கருவியில் ஒரு குறையும் இல்லை. குறை அழைத்தவனிடத்தில் இருந்தது. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், கையில் பிடித்த பேசுகருவியைப் பயன்படுத்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்று கூறித் தண்டனை விதிக்கிறது. சட்டம் கையைப் பற்றிப் பேசுகிறது. மனத்தைப் பற்றி நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இந்தக் கருவியே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. புதிய ஊரில் "அடுத்த திருப்பத்தில் இடப்புறம்" என்று வழி சொல்லும் குரல் மிகவும் பயனுள்ளது. கண் சாலையைவிட்டு அகல வேண்டியதில்லை. நீண்ட நேர்ச்சாலையில் மெல்லிய இசையும் அளவோடு இருந்தால் தவறில்லை. அழைப்பு வந்தால் வந்தது என்று அறிவிக்கும்; அவ்வளவு போதும். வண்டியை ஓரம் கட்டி, நிறுத்தி, பிறகு பேசலாம். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு விதிகள் உள்ளன. ஓட்டுபவனுக்கு ஒரு விதி: நிறுத்திய பின்னரே பேசுவது. வீட்டில் இருப்போருக்கு ஒரு விதி: அவன் வண்டியில் இருக்கிறான் என்று தெரிந்தால், "நின்று அழை" என்ற இரண்டு சொற்களோடு அழைப்பை முடித்துவிடுவது. இரண்டாவது விதியை முதலில் மீறக்கூடியவன் நானே என்பதால், அதை ஒரு தாளில் எழுதி என் நாற்காலிக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறான் என் பேரன்.

மாணவர்களே, நீங்கள் கவசம் வாங்குங்கள். விரும்பினால் கருவியும் வாங்குங்கள். நான் சொன்னவற்றை எல்லாம் ஆராய்ந்து நல்லதாகவே வாங்குங்கள். அதன்பின் இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், உங்கள் தாய் தந்தையரிடமும் தாத்தா பாட்டியிடமும் அந்த இரண்டாவது விதியை எடுத்துச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பாடம் சொல்வதா என்று தயங்க வேண்டாம். எனக்கு என் பேரன் சொல்லிக் கொடுத்தான், நான் கற்றுக்கொண்டேன்.